கால் தேறுகிறது, கை நின்றுவிடுகிறது

கொழுந்து பறிக்கும் கையை அருகே நின்று பார்த்தால் முதலில் தெரிவது வேகம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நிற்கும் தளிரைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்து ஒடிக்கும். ஒடித்தது உள்ளங்கைக்குள் போகும். உள்ளங்கை நிறைந்ததும் கை தோளுக்கு மேல் போய், முதுகுப் பையில் கொட்டிவிட்டுச் செடிக்குத் திரும்பும். இரண்டு கையும் தனித்தனியே இதைச் செய்துகொண்டிருக்க, கண் அடுத்த தளிரைத் தேடும். நீலகிரியில் பல தோட்டங்களில் கைப்பறிப்பு குறைந்து கத்தரி வந்துவிட்டது. கத்தரிக்கும் இரண்டு கை வேண்டும். வெட்டிய இலை விழும் தட்டின் கனத்தைத் தாங்கிக்கொண்டே அதைத் திறந்து மூட வேண்டும்.

பக்கவாதம் வந்து பிழைத்த தோட்டத் தொழிலாளி பெரும்பாலும் சில மாதங்களில் நடக்கத் தொடங்கிவிடுவார். கம்பை ஊன்றி, காலைக் கொஞ்சம் வீசிப் போட்டு, தோட்டத்துக் குடியிருப்பான லைன் வீட்டுப் படியில் இறங்கி வருவார். "நடந்துட்டாங்க, அதுவே பெருசு" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். கை மட்டும் முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு, வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். கால் தேறியதோடு சிகிச்சையும் நின்றுபோகும். மருத்துவமனையின் கணக்கில் அவர் குணமாகி வீடு போனவர். மஸ்டரில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், அவர் பெயர் இல்லை.

காலும் கையும் ஏன் இப்படி வேறுபடுகின்றன? ஒரு காரணம் மூளையின் ரத்தக் குழாய் அமைப்பு. பக்கவாதத்தில் அதிகம் அடைபடுவது நடுப் பெருமூளைத் தமனி. முகம், கை, விரல்கள் ஆகியவற்றை இயக்கும் பகுதிக்கு ரத்தம் தருவது அதுதான். காலை இயக்கும் பகுதி மூளையின் உட்பக்க விளிம்பில், வேறொரு தமனியின் எல்லைக்குள் இருப்பதால் பல நேரம் தப்பிவிடுகிறது. விரல்களின் நுண்ணசைவுக்கு மூளை ஒதுக்கியிருக்கும் பரப்பு மிகப் பெரியது. சிறு சேதம்கூட அங்கே பெரிய இழப்பாகும்.

இரண்டாவது காரணம் நடத்தை சார்ந்தது, என் பார்வையில் இதுதான் முக்கியம். நடக்க வேண்டுமென்றால் பாதித்த காலும் தரையை மிதித்தே ஆக வேண்டும், ஒற்றைக் காலில் கழிப்பறைக்குப் போக முடியாது. கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாப்பிட, முகம் கழுவ, பொத்தான் போட நல்ல கை ஒன்றே ஓரளவு போதும். முதல் வாரத்தில் பாதித்த கையால் டம்ளரை எடுக்கப் போய் அது நழுவுகிறது. மருமகள் ஓடிவந்து, "விடுங்க அத்தை, நான் தர்றேன்" என்கிறார். பிறகு அந்தக் கையை யாரும் எதற்கும் கேட்பதில்லை. நரம்பு கொஞ்சம் தேறி, அசைவு வரக்கூடிய நிலைக்கு வந்த பிறகும் கை சும்மாவே கிடக்கிறது.

இந்த நிலையை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். குரங்கின் ஒரு கையிலிருந்து மூளைக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் அவர் துண்டித்தார். அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் வேறு வழியின்றி விட்ட கையைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்தக் குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து 1981இல் அவர்மேல் விலங்குவதை வழக்கு வந்தது; அமெரிக்க விலங்குரிமை இயக்கத்தின் தொடக்கக் கதைகளில் அது ஒன்று. மனிதருக்கு உதவிய அறிவு எந்த வழியாக வந்தது என்பதை மறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த அறிவை மனிதரிடம் பெரிய அளவில் சோதித்த ஆய்வு 2006இல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, நல்ல கையில் தடித்த உறை போட்டுக்கொண்டார்கள். வார நாட்களில் தினமும் பல மணி நேரம், அதிகபட்சம் 6 மணி நேரம், பாதித்த கைக்குப் பயிற்சி. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

ஆனால் இந்த முறை எல்லோருக்கும் உரியதில்லை. அந்த ஆய்வில் சேர மணிக்கட்டையும் விரல்களையும் சில பாகையாவது மேல்நோக்கி நிமிர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். முழுவதும் செயலற்ற கையை வைத்துக்கொண்டு நல்ல கையையும் கட்டிவிட்டால் அது சித்திரவதை. யார் கை தேறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று நெதர்லாந்தில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் விலக்கவும் விரல்களைக் கொஞ்சம் நிமிர்த்தவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் ஓரளவு கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். இந்தச் சோதனைக்கு ஸ்கேன் வேண்டாம், கட்டிலருகே இரண்டு நிமிடம் போதும். இருந்தும் பல குடும்பங்களுக்கு இதை யாரும் செய்து சொல்வதில்லை. "கடவுள் விட்ட வழி" என்றோ "எக்சர்சைஸ் பண்ணுங்க, சரியாயிடும்" என்றோ ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள்.

நெதர்லாந்துச் சோதனை கவனித்தது விரல் மடங்குவதை இல்லை, நிமிர்வதை. பக்கவாதக் கையில் பிடி பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், தசையிறுக்கமே விரல்களைச் சுருட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் வருவதும், பலருக்கு வராமலே போவதும் விரிப்பதுதான். கொழுந்துக்கு மேல் கையைக் கொண்டுபோக விரல்கள் விரிய வேண்டும், பறித்ததைப் பையில் போட உள்ளங்கை திறக்க வேண்டும். கிள்ள வரும், விட வராது என்ற நிலையில் இருக்கும் கையால் தோட்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீடுகளில் நடப்பதைப் பார்க்கலாம். பக்கவாதம் வந்தவர் வீட்டில் முதலில் வாங்கப்படுவது மஞ்சள் நிறச் சிரிப்பு முகம் போட்ட பஞ்சுப் பந்து. "அமுக்கிட்டே இருங்க" என்று கையில் திணித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே மடங்கும் விரல்களை மேலும் மடக்கும் வேலை அது. விரிக்கும் தசைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. தேறிவரும் பலவீனமான கைக்குப் பிடிப்பயிற்சி வேண்டியிருக்கும் சிலர் உண்டு. ஆனால் விரல்கள் சுருண்டு இறுகிப்போனவர் நாள்முழுக்கப் பந்தை அமுக்குவதில் என்ன பயன் என்று அனுபவமுள்ள எந்த பிசியோவிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது கப்பி. உத்தரத்தில் கயிறும் கப்பியும் மாட்டி, நல்ல கையால் இழுத்துப் பாதித்த கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி. பக்கவாதத்தில் தோள் மூட்டைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்து, எலும்பு கீழே இறங்கி நிற்கும். அந்த நிலையில் கப்பியால் இழுத்தால் தோள்வலிதான் மிஞ்சும். 1990இல் வெளியான சிறிய ஒப்பீட்டு ஆய்விலேயே கப்பிப் பிரிவினருக்குத் தோள்வலி மிக அதிகம் வந்தது. 2016இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்றே சொன்னது. இதைவிடப் பெரிய சேதம் கட்டிலிலிருந்து எழுப்பும்போது நடக்கிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள், அல்லது கையைப் பிடித்தே இழுப்பார்கள். தோள் வலிக்கத் தொடங்கிவிட்டால் நோயாளி அந்தக் கையை யாரையும் தொடக்கூட விடமாட்டார். பிறகு எந்தப் பயிற்சி?

பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் பூசுவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. மலையிலும் அதற்கு நம்பிக்கையுள்ளவர்கள் உண்டு. அதனால் கை வராது. நேரமும் பணமும் போவதோடு, உணர்ச்சி குறைந்த தோலில் சூடும் கட்டும் போட்டால் புண்ணும் வரும். இளஞ்சூட்டில் எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. குளிர்காலத்தில் இறுக்கம் கூடுகிறது என்று மலையில் பலரும் சொல்வார்கள்; தேய்த்துவிட்டபின் கொஞ்ச நேரம் இளக்கமாக இருந்தால் அந்த நேரத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். 'கரன்ட் வைக்கிறது' என்று மக்கள் சொல்லும் மின்தூண்டலும் அப்படித்தான். நோயாளி தானும் முயன்றுகொண்டிருக்கும்போது விரிக்கும் தசைக்குக் கொடுத்தால் உதவும். கையை மேசைமேல் வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தால் தசை துள்ளும், மூளைக்கு ஒன்றும் போகாது.

செலவில்லாத ஒரு முறை உண்டு, அதன் பின்னணியில் ஒரு தமிழர் இருக்கிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் நரம்பியலாளராக இருந்தபோது, கை வெட்டப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைக் குறைக்க 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். 1999இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் பக்கவாதம் வந்த 9 பேரிடம் அதைச் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு உலகம் முழுவதும் ஆய்வுகள் பெருகின. 2018இல் காக்ரேன் குழு 62 ஆய்வுகளை, 1,982 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, கண்ணாடிச் சிகிச்சை கை அசைவையும் அன்றாடச் செயல்திறனையும் மேம்படுத்துகிறது என்றது. பலன் மிதமானதுதான். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜெயராஜ் துரை பாண்டியன் குழுவினர் 48 பேரிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, உடலின் ஒரு பக்கத்தையே மறந்துவிடும் நோயாளிகளுக்கும் இது உதவுவதைக் காட்டியது.

லைன் வீட்டில் இதைச் செய்வது எப்படி? முகம் பார்க்கும் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி ஒன்றை மேசையின் நடுவே, நோயாளியின் மூக்குக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். பாதித்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கை முன்னால். மோதிரமும் வளையலும் இருந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பிம்பம் பாதித்த கை போலத் தெரியாது. நல்ல கையின் விரல்களை மெல்ல விரித்து மடக்கிக்கொண்டே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். விழுந்த கை விரிவதுபோல் தெரியும். கூடவே மறைந்திருக்கும் கையையும் அதேபோல் விரிக்க முயல வேண்டும். அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரமாவது. முதல் நாள் சிலருக்குத் தலைசுற்றும், சிலர் அழுதுவிடுவார்கள். விரல் ஒன்றும் அசையாதவர்களும் தொடங்கக்கூடிய சில பயிற்சிகளில் இது ஒன்று.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அமெரிக்க, கனடிய மறுவாழ்வு மையங்களில் கேத்தரின் லாங் குழுவினர் பயிற்சி அமர்வுகளை உட்கார்ந்து எண்ணி 2009இல் எழுதினார்கள். பாதித்த கையால் ஒரு செயலைச் செய்து பழகுவது பாதி அமர்வுகளில்தான் நடந்தது, நடந்தபோதும் சராசரி 32 தடவை. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் கண்ட ஆய்வுகளிலோ நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை. தோட்டத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு நாளில் 20 கிலோ பறிக்க 20,000 கொழுந்து. ஒரு பிடியில் மூன்று நான்கு வந்தாலும் ஆயிரக்கணக்கான அசைவு. அத்தனை அசைவில் வளர்ந்த திறனை 32 தடவையில் மீட்க முடியும் என்று எதிர்பார்க்கிறோம்.

இங்கே ஒரு தடை சொல்ல வேண்டும். அதே லாங் குழுவினர் 2016இல் 85 பேரிடம் மொத்தம் 3,200, 6,400, 9,600 தடவை என்று அளவை ஏற்றிப் பார்த்தார்கள். எண்ணிக்கை கூடக்கூடப் பலனும் கூடவில்லை. பிரிட்டனில் 770 பேரிடம் ரோபோ இயந்திரம் கொண்டு கையை ஆயிரக்கணக்கில் அசைக்கச் செய்த ஆய்வும் 2019இல் ஏமாற்றத்தையே தந்தது. அதே ஆண்டு லண்டன் குயின் ஸ்கொயர் மையம் 224 பேரின் முடிவுகளை வெளியிட்டது: மூன்று வாரத்தில் 90 மணி நேரம், பலருக்கும் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது, இருந்தும் கை குறிப்பிடத்தக்க அளவு தேறி, ஆறு மாதம் கழித்தும் நிலைத்தது. அங்கே ஒப்பீட்டுப் பிரிவு இல்லை என்ற குறை இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது, வெறும் அசைவை எண்ணுவதில் பயனில்லை, நோயாளிக்கு வேண்டிய ஒரு வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அருகில் இருந்து திருத்தி, நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தால்தான் எண்ணிக்கைக்கு மதிப்பு. 'ஆறு மாசத்துக்கு மேல வராது' என்ற பேச்சுக்கும் ஆதாரம் குறைவு.

மலையில் அத்தனை மணி நேரத்துக்கு யாரிடம் போவது? கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கி.மீ., வளைவுகளும் ஏற்றமுமாகப் பேருந்தில் இரண்டு மணி நேரம். ஒரு கை விழுந்தவர் கம்பியைப் பிடித்து ஏறி இறங்கி அரை மணி நேரச் சிகிச்சைக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும், கூட வருபவரின் கூலியும் போய்விடும். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது பெரிய மாற்றம்; உயிர்காக்கும் முதல் மணி நேரங்களுக்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டிய கட்டாயம் குறையும். ஆனால் கைக்கு வேண்டியது அதன் பிறகு வரும் மாதங்கள்.

அந்த மாதங்களுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. நீலகிரியில் வட்டாரங்கள் நான்கு. ஒரு இயன்முறை மருத்துவர் தொட்டபெட்டா அடிவாரத்துக்கும் குந்தாப் பக்கத்துக்கும் அலைந்தால் ஒரு வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வர முடியும்? வந்த அந்த நேரத்தில் அவரே கையைப் பிடித்து அசைத்துவிட்டுப் போனால் பலன் அன்றோடு முடியும். அந்த வாரம் முழுக்கச் செய்ய ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, எப்படிச் செய்வது என்று காட்டி, அடுத்த முறை வந்து பார்த்தால் திட்டத்துக்கு அர்த்தம் இருக்கும்.

அப்படியானால் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். இந்தியாவே இதற்குப் பதில் தேடிப் பார்த்திருக்கிறது. அட்டெண்ட் என்ற ஆய்வு, 2014 முதல் 2016 வரை நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்தது. ஒரு பிரிவில் வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தந்து, வீடு போன பிறகும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் இரு பிரிவிலும் 47 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்த முடிவைப் பலர் சங்கடத்தோடு ஒதுக்கிவிட்டார்கள். நான் இதை மிக மதிப்புள்ள இந்திய ஆய்வுகளில் ஒன்றாக நினைக்கிறேன். சம்பளமில்லாத ஒருவர்மேல், பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள்மேல், ஒரு தொழில்நுட்ப வேலையை ஏற்றிவிட்டால் அது நடந்துவிடாது என்று அது காட்டியது. தோட்டத்து லைனில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. காலையில் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் முதல் தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அந்த வீடுகளில் 'குடும்பம்' என்றால் பல நேரம் இன்னொரு முதியவர்தான்.

மலையிலேயே வேறொரு வழி ஏற்கெனவே பழகியிருக்கிறது. கூடலூரில் அஷ்வினி அமைப்பு 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனையை நடத்துகிறது. பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களிலிருந்தே பெண்களைச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. அரிவாள் செல் நோயைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து கவனிப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. இந்தியாவில் அந்நோய் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், லேமன், கட்புஷ் இருவரும் 1952இல் எழுதினார்கள். அந்நோய் பக்கவாதத்தையும் தரும், சிறுவர்களுக்கே தரும். சிகிச்சை இல்லாதபோது 20 வயதுக்குள் நூற்றுக்கு 11 பேருக்கு என்பது அமெரிக்கக் கணக்கு. இந்திய வகை பொதுவாகக் கொஞ்சம் மென்மையானது. ஊரைச் சேர்ந்த, சம்பளம் பெறும், தொடர்ந்து வந்துபோகும் ஒருவரால் ரத்தநோயையே பின்தொடர முடியுமென்றால் விரல் விரிப்பதைக் கற்றுக்கொடுக்கவும் முடியும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஊர்ப்பணியாளர்களைக் கொண்டு வீட்டிலேயே பயிற்சி தருவதும் இதே வழிதான்.

மீதமிருப்பது நேரம், அதாவது கூலி. லக்னோவில் 103 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, நோயாளியின் வாழ்க்கையில் அர்த்தமுள்ள வேலைகளையே பயிற்சியாக்கிக் கையைத் தேற்ற முடியும் என்று காட்டியது. தோட்டத்தில் அதற்கு ஏற்ற இடம் நாற்றங்கால். பாலிதீன் பையில் மண் நிரப்ப வேண்டும். பாதித்த கை பையின் வாயைத் திறந்து பிடிக்க வேண்டும், நல்ல கை மண்ணை அள்ள வேண்டும். தொடக்கத்தில் பாதித்த கை பையைச் சரியாமல் தாங்கினாலே போதும். பிறகு விரலை நுழைத்து வாயைப் பிரிக்கலாம். பிறகு நிரம்பிய பையை எடுத்து வரிசையில் வைத்து விடலாம். விடுவதுதான் கடினம், அதை ஒவ்வொரு பையும் கேட்கும். உட்கார்ந்து செய்யும் வேலை, சரிவில் ஏற வேண்டாம்.

தொழிலாளிக்கு மருத்துவ வசதி தருவதும் நோய்க்காலப் படி தருவதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பொறுப்பின் நீட்சியாக, பக்கவாதம் வந்தவருக்கு மூன்று மாதம் நாற்றங்காலில் அரை நாள், மஸ்டரில் பெயரோடு, இயன்முறை மருத்துவர் மாதம் இருமுறை வந்து பார்க்கும் ஏற்பாட்டோடு கொடுத்தால் செலவு பெரிதாகாது. எத்தனை பை நிரப்பினார் என்று கூலிக்கு எழுதும் அதே கணக்கு பயிற்சிக் கணக்காகவும் ஆகிவிடும். ஆனால் விரல் துளியும் நிமிராதவரை அங்கே உட்கார வைக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது தோளைத் தாங்கிப் பார்த்துக்கொள்வது, சுருண்ட விரலிடுக்கில் ஈரம் தங்காமல் கழுவித் துடைப்பது, நகம் வெட்டுவது, அதோடு ஒற்றைக் கையால் செய்யக்கூடிய ஒரு வேலை. அந்த வேலையைச் சிகிச்சை என்று சொல்லிப் பாதிக் கூலிக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது.